டிடிஎஃப், ஓடிஎஃப், பழைய தமிழ் எழுத்துருக்கள்: அச்சுக்குப் போகும் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும். அதற்கு முந்தைய வாரங்களில் சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் பதாகை, அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல் என்று வேலை மும்முரமாக நடக்கும். தீபாவளிக்கு முன்பும் இதே பரபரப்புதான். இவற்றை வடிவமைப்பவர்களில் பலர் தொண்டூழியர்கள். சிலருக்குத் தமிழ் படிக்கவே வராது. எழுத்துருக் கோப்புகளின் இரு வகைகளான டிடிஎஃப், ஓடிஎஃப் பற்றிப் பேச்சு வந்தால் இவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அச்சுக்கு ஓடிஎஃப், திரைக்கு டிடிஎஃப்." "டிடிஎஃப் போட்டால் அச்சில் பிசிறடிக்கும்." "ஓடிஎஃபாக மாற்றிவிட்டால் தமிழ் உடையாது."

மூன்றுமே சரியில்லை. இவற்றை நம்பி எழுத்துருக் கோப்புகளை மாற்றிக்கொண்டே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். கடைசியில் கொம்பு இடம் மாறிய பதாகை மேடைக்குப் பின்னால் தொங்குகிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழுக்கு இடமுள்ள நாட்டில், அந்த இடத்தில் தமிழ் உடைந்து நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் புரிந்துகொண்டால் தவிர்த்துவிடக்கூடிய பிழை இது. அதற்காகத்தான் இந்த விளக்கம். கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை.

கோப்பு என்ற டிபன் கேரியர்

டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்தால் எஃகுப் பாத்திரம் மட்டும்தான் தெரியும். உள்ளே ஓர் அடுக்கில் சோறு, இன்னொன்றில் குழம்பு, மேலே பொரியல். சாப்பாடு எப்படி இருக்கும் என்பதை அடுக்குகளில் இருப்பதுதான் தீர்மானிக்கும். எழுத்துருக் கோப்பும் அப்படித்தான். பெயரின் கடைசியில் வரும் டிடிஎஃப், ஓடிஎஃப் என்ற வால் பாத்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான்.

உள்ளே உள்ள அடுக்குகளில் நமக்கு வேண்டியவை நான்கு. முதலாவது, எழுத்துகளின் உருவங்கள். ஒவ்வோர் உருவமும் புள்ளிகளாலும் வளைவுகளாலும் வரையப்பட்ட ஓர் எல்லைக்கோடு. அச்சிடும்போது அந்தக் கோட்டுக்குள் மை நிரப்பப்படும். இப்படி வரைந்து வைத்த ஒவ்வோர் உருவத்தையும் 'கிளிஃப்' என்பார்கள். இரண்டாவது, எண் பட்டியல். கணினி 'க' என்ற எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்த எண் வந்தால் எந்தக் கிளிஃபைக் காட்டுவது என்று சொல்வது இந்தப் பட்டியல். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைக்குக் 'குறியாக்கம்' என்று பெயர். மூன்றாவது, அளவுகள்: எழுத்தின் அகலம், வரிக்கு வேண்டிய உயரம் போன்றவை. நான்காவது, விதிகள்: எந்த எழுத்தோடு எது சேர்ந்தால் உருவம் எப்படி மாறும் என்பது. இவை தவிர எழுத்துருவின் பெயரும் உரிமக் குறிப்பும் உள்ளேயே இருக்கும்.

எழுத்துரு பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இந்த அடுக்குகளை ஒன்றோடொன்று கலந்து பேசுவதால் வருபவை. உருவம் பற்றிய பேச்சு ஒன்று, எண் பற்றியது வேறு, விதி பற்றியது இன்னும் வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உருவங்கள்: வளைவு வரைவதில் இரண்டு வழிகள்

அடோபி நிறுவனம் 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று அச்சுப்பொறிக்கு விவரிக்கும் மொழி அது. அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸின் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தன. மேசைமேல் ஒரு கணினியை வைத்தே புத்தகம் தயாரிக்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த எழுத்துரு வகையின் பெயர் டைப் 1.

டைப் 1 எழுத்துரு ஒரே கோப்பாக இருக்காது. விண்டோஸில் உருவங்களுக்கு ஒரு கோப்பு, அளவுகளுக்கு இன்னொரு கோப்பு. மேக் கணினியில் திரைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனால் திரையில் சரியாகத் தெரிந்த எழுத்து தாளில் கரடுமுரடாக வரும். "எழுத்துரு என்றாலே தலைவலி" என்ற எண்ணம் பழைய அச்சுக்காரர்களிடம் பதிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

டைப் 1 வகையின் முழு விவரத்தை அடோபி முதலில் வெளியில் சொல்லவில்லை. மற்ற நிறுவனங்கள் அதையே நம்பியிருக்க விரும்பவில்லை. ஆப்பிள் தனியாக ட்ரூடைப் என்ற வகையை உருவாக்கி 1991இல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை ஏற்று 1992இல் விண்டோஸ் 3.1இல் சேர்த்தது. போட்டி வருவது தெரிந்ததுமே, 1990இல், அடோபி டைப் 1 விவரங்களை வெளியிட்டுவிட்டது. ட்ரூடைப்பில் எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பின் வால்தான் டிடிஎஃப்.

சரி, இரண்டுக்கும் உருவத்தில் என்ன வித்தியாசம்? ஒரு வளைவை வரைய இரு முனைகள் வேண்டும், நடுவில் அதை இழுத்து வளைக்கும் புள்ளி வேண்டும். டைப் 1 இழுக்கும் புள்ளிகள் இரண்டை வைத்துக்கொள்கிறது. ட்ரூடைப் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் 'இ', 'ஐ' போன்ற சுருளான எழுத்துகளுக்கு ட்ரூடைப்பில் வளைவுத் துண்டுகள் கூடுதலாக வேண்டும். வரைபவருக்கு இது முக்கியமான வேறுபாடு. தாளில் பார்ப்பவருக்கு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். டைப் 1 எழுத்துருவில் எழுத்துச் சதுரத்தின் ஒரு பக்கம் வழக்கமாக 1000 அலகுகளாகப் பிரிக்கப்படும். 12 பாயின்ட் அளவு எழுத்தில் அந்தப் பக்கத்தின் நீளம் சுமார் 4.23 மில்லிமீட்டர். ஆக ஓர் அலகு 0.0042 மில்லிமீட்டர். அச்சகத்தில் தகடு தயாரிக்கும் இயந்திரம் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் வைக்கிறது என்று கொண்டால், ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.0106 மில்லிமீட்டர். ஒரு வகை வளைவை மற்றொன்றாக மாற்றும்போது ஓர் அலகு பிசகினால்கூட அது இயந்திரம் வைக்கும் ஒரு புள்ளியில் பாதிக்கும் குறைவு. தாளில் அந்த வேறுபாட்டைக் கண் பிரித்தறியாது.

அப்படியென்றால் "டிடிஎஃப் திரைக்குத்தான்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 'ஹின்டிங்' என்ற ஒன்றிலிருந்து. திரையில் சிறிய எழுத்தைக் காட்ட, ஓர் எழுத்துக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள்தான் கிடைக்கும். அவ்வளவு குறைவான புள்ளிகளில் எந்தக் கோடு எங்கே விழவேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்புகள்தாம் ஹின்டிங். ட்ரூடைப்பில் இந்தக் குறிப்புகளை மிக விரிவாக எழுத முடியும். அதனால் திரையில் அதற்கு நல்ல பெயர். திரையில் நன்றாக இருப்பது அச்சில் நன்றாக இருக்காது என்று யாரோ எதிர்மறையாகப் புரிந்துகொண்டார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. 2400 புள்ளிகள் வைக்கும் இயந்திரத்துக்கு ஹின்டிங் தேவையே இல்லை. இருந்தாலும் கெடுதல் இல்லை.

பேஜ்மேக்கர் காலத்தில் மலிவாகவும் இலவசமாகவும் கிடைத்த டிடிஎஃப்களில் மோசமாக வரையப்பட்டவை நிறைய இருந்தன. பழைய அச்சுப்பொறிகள் சில அவற்றில் தடுமாறின. அந்த அனுபவம் உண்மைதான். ஆனால் அது வரைந்தவரின் குறையும் இயந்திரத்தின் குறையும் சேர்ந்து வந்த பெயர்.

சுருக்கிச் சொன்னால், உருவ அடுக்கைப் பொறுத்தவரை டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டும் அச்சில் சமம். எழுத்து அழகாக வருவது அதை வரைந்தவரின் கையைப் பொறுத்தது.

ஓப்பன்டைப்: இரண்டையும் ஏற்கும் பாத்திரம்

மைக்ரோசாஃப்டும் அடோபியும் 1996இல் ஓப்பன்டைப் என்ற பொதுவகையை அறிவித்தன. ட்ரூடைப்பின் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு, உருவ அடுக்கில் எந்த வளைவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். அடோபி பாணி வளைவு உள்ளே இருந்தால் கோப்பின் வால் வழக்கமாக ஓடிஎஃப். ட்ரூடைப் வளைவு இருந்தால் பெரும்பாலும் டிடிஎஃப். இன்று நீங்கள் இறக்கிக்கொள்ளும் நல்ல டிடிஎஃப் கோப்பும் ஓப்பன்டைப்தான். வாலை மட்டும் பார்த்து "இது ஓப்பன்டைப் இல்லை" என்று சொல்ல முடியாது.

ஓப்பன்டைப்பின் உண்மையான பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரே கோப்பில் 65,535 கிளிஃப்கள் வரை வைக்கலாம். விதிகளுக்கென்று தனி அடுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு இவை கூடுதல் வசதி. தமிழுக்கு இவை உயிர்நாடி. ஏன் என்று பார்க்க, எண் பட்டியலுக்குப் போகவேண்டும்.

எண்கள்: தமிழுக்குச் சிக்கல் வந்த இடம்

பழைய எழுத்துருக்களில் ஒரே நேரத்தில் பயன்படுத்தக் கிடைத்த இடங்கள் 256. அவற்றிலும் பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஏற்கெனவே போய்விட்டன. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் தனி. எங்கே வைப்பது?

தொண்ணூறுகளில் எழுத்துரு செய்தவர்கள் கண்ட வழி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை வைத்துவிடுவது. பாமினி எழுத்துரு இப்படிச் செய்யப்பட்டது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். 'ஜே' என்ற எழுத்துக்கு 'த' என்ற படத்தை மாட்டியிருக்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மாட்டிய படம் விழுந்துவிடும், ஆங்கிலக் குப்பை தெரியும்.

இதன் விளைவுகள் அச்சு வேலையில் நேராகத் தெரியும். வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி வேர்டில் உண்டு. பாமினியில் சிறிய 'கே' என்றால் 'ம', பெரிய 'கே' என்றால் 'மு'. 'மரம்' என்று தொடங்கும் வாக்கியம் யாரும் தொடாமலே 'முரம்' ஆகிவிடும்! மென்பொருள் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வரியை ஆங்கில விதிப்படி உடைக்கும். சொல் தேடினால் கிடைக்காது. வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் உரை முழுவதும் போய்விடும், ஏனென்றால் ஒவ்வோர் எழுத்துருக்காரரும் வேறுவேறு இடத்தில் வேறுவேறு தமிழ் எழுத்தை வைத்திருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சிகளில் சிங்கப்பூருக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு சிங்கப்பூரில் நடந்ததில் அவருடைய பங்கு பெரியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டேம், டேப் என்ற இரு பொதுக் குறியாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. உலகெங்கும் உள்ள தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி என்ற குறியாக்கமும் புழக்கத்தில் இருந்தது. 2000இல் மாநாடு மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்ற உலக அமைப்பு தோன்றியது. கோவிந்தசாமி அதைப் பார்க்க இல்லை, 1999இல் மறைந்துவிட்டார். தமிழ்க் கணினியின் தொடக்க வரலாற்றைச் சொல்லும்போது அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

இறுதியில் நிலைத்தது யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் எண் கொடுக்கும் குறியாக்கம் இது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'க' என்றால் 2965, எந்தக் கணினியிலும், எந்த நாட்டிலும். அந்த எண்ணை வேறு மொழி எழுத்து எடுத்துக்கொள்ள முடியாது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. ஆப்பிள் கணினிகளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி வந்தது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். யூனிகோடு என்பது குறியாக்கம், ஓப்பன்டைப் என்பது கோப்பு வகை. "யூனிகோடு ஃபான்ட்" என்று நாம் சொல்வது, எண் பட்டியலில் யூனிகோடு எண்களை வைத்திருக்கும் எழுத்துருவை. பாமினியை ஒரு மென்பொருளில் போட்டு ஓடிஎஃப் கோப்பாக மாற்றலாம். மாற்றிய பிறகும் 'ஜே' இடத்தில் 'த' தான் உட்கார்ந்திருக்கும். பாத்திரம் புதிது, உள்ளே அதே பழைய சாப்பாடு. "ஓடிஎஃபாக மாற்றினேன், இன்னும் சரியாகவில்லையே" என்று பலர் திகைப்பது இதனால்தான். மாற்றவேண்டியது உரையை. பாமினி, டிஸ்கி உரையை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்கவேண்டும். நடுவே கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களையும் கருவி தமிழாக்கிவிடும்.

விதிகள்: கொம்பு ஏன் இடம் மாறுகிறது

யூனிகோடில் தமிழின் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் இல்லை. மெய்யெழுத்துக்குரிய அகர வடிவத்துக்கு ஓர் எண், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்குத் தனித்தனி எண்கள். 'கொடி' என்ற சொல் கணினியில் இப்படிப் பதிவாகிறது: 'க' 2965, ஒகரக் குறி 3018, 'ட' 2975, இகரக் குறி 3007. உச்சரிக்கும் வரிசை அப்படியே இருக்கிறது.

தாளில் எழுதும் வரிசை வேறு. ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு 'க'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போகவேண்டும். 'ட'வும் இகரக் குறியும் சேர்ந்து 'டி' என்ற ஒரே உருவமாகவேண்டும். 'து', 'மு', 'ணூ' போன்றவற்றில் எழுத்தின் உருவமே மாறும். 'ஸ்ரீ' என்பதில் நான்கு எண்கள் சேர்ந்து ஒரே உருவமாகும். எண்களின் வரிசையைப் படித்து, அவற்றைக் கண்ணுக்குரிய உருவங்களாக அடுக்கும் இந்த வேலைக்கு 'ஷேப்பிங்' என்று பெயர்.

ஷேப்பிங்கில் இரண்டு பேருக்குப் பங்கு. கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. 'த'வோடு உகரக் குறி வந்தால் 'து' என்ற உருவத்தை எடு என்று சொல்வது எழுத்துருவின் விதி அடுக்கு. இருவரில் ஒருவர் வேலை செய்யாவிட்டாலும் தமிழ் உடையும். நல்ல எழுத்துருவை வாங்கிப் போட்டும் தமிழ் உடைகிறதே என்று குழம்புபவர்கள் மென்பொருள் பக்கம் பார்ப்பதில்லை.

அங்கேதான் நம் ஊர்ப் பதாகைகளின் கதை இருக்கிறது. நான்கு மொழிப் பதாகையை ஒருவரே வடிவமைக்கிறார். ஆங்கிலம், சீனம், மலாய் மூன்றுக்கும் எழுத்தை வரிசையாக வைத்தால் போதும், கொம்பை நகர்த்தும் வேலை இல்லை. அவருடைய மென்பொருளும் அதற்கேற்ற அமைப்பில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த சரியான தமிழ் வாக்கியத்தை அவர் அதில் ஒட்டுகிறார். ஒட்டிய அந்த நொடியில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கின்றன, குறிகளுக்கு அருகில் புள்ளிகளால் ஆன சிறு வட்டங்கள், அதாவது புள்ளிவட்டங்கள், முளைக்கின்றன. அவருக்குத் தமிழ் தெரியாததால் எதுவும் தவறாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த அமைப்பு இதுதான். அடோபி இன்டிசைனில் பத்திக்கான பட்டியலில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்ற தேர்வு இருக்கும். கம்போசர் என்பது எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பகுதி. வழக்கமான கம்போசரை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்பத்தேர்வுகளில் எழுத்து என்ற பிரிவுக்குப் போய் 'இண்டிக் ஆப்ஷன்ஸ்' காட்டும்படி சொல்லவேண்டும். பிறகு பத்திப் பட்டியலில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபோட்டோஷாப்பிலும் இதற்கு இணையான தேர்வு உண்டு. இது பத்திக்குரிய பண்பு என்பதால், இன்டிசைனில் தமிழுக்கென்று ஒரு பத்திப் பாணி செய்து அதிலேயே பதிந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடவேண்டாம். பழைய பேஜ்மேக்கரில் இதற்கு வழியே இல்லை, அது யூனிகோடை அறியாது. பாமினி போன்றவை இத்தனை ஆண்டு நீடித்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். பழைய எழுத்துருவில் கொம்பைத் தட்டச்சு செய்பவரே முன்னால் போட்டுவிடுவார், மென்பொருள் எதையும் நகர்த்தவேண்டியதில்லை.

கொம்பு தவறான பக்கத்தில் நின்றாலோ குறிகளுக்கு அருகில் புள்ளிவட்டம் தெரிந்தாலோ மென்பொருளைப் பாருங்கள். கொம்பு சரியாக இருந்து 'து', 'ஸ்ரீ' மட்டும் சேராமல் நின்றால் எழுத்துருவைப் பாருங்கள். எல்லா எழுத்துகளும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. பதாகைக்கு அழகான ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழையும் அதிலேயே போட்டால் இப்படி வரும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

சன்ஷைன் பிளாசாவில் ஒரு கடைக்குப் போனாலும் பெரிய அச்சகத்துக்கு அனுப்பினாலும், கொடுக்கவேண்டியது பிடிஎஃப். வேர்டு கோப்பையோ வடிவமைப்புக் கோப்பையோ கொடுத்தால் அவர்கள் கணினியில் உள்ள எழுத்துருவையும் அமைப்பையும் நம்பவேண்டியிருக்கும். பிடிஎஃப் செய்யும்போது பயன்படுத்திய கிளிஃப்கள் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். இதை எழுத்துருப் பொதித்தல் என்று சொல்லலாம். ஷேப்பிங்கும் ஏற்கெனவே முடிந்திருக்கும். எனவே சரியாகச் செய்த பிடிஎஃப், தமிழ் எழுத்துருவே இல்லாத கணினியிலும் சரியாக அச்சாகும். பிடிஎஃபின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் பொதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சில அச்சகங்கள் எழுத்துகளை வெறும் கோட்டு ஓவியமாக மாற்றித் தரச் சொல்வார்கள். பதாகைக்கும் பெரிய பலகைக்கும் இது பரவாயில்லை. எழுத்துரு தொலையும் கவலை போய்விடும். புத்தகத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது, சொல் தேடவும் முடியாது. கொம்பு ஏற்கெனவே இடம் மாறியிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து உறைந்துவிடும்.

எழுத்துருவின் உரிமமும் பொதித்தலைக் கட்டுப்படுத்தும். கோப்புக்குள் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. பொதிக்கவே கூடாது, பார்க்கவும் அச்சிடவும் மட்டும், திருத்தவும் செய்யலாம், நிறுவிக்கொள்ளவும் செய்யலாம் என்று அதில் நான்கு நிலைகள். பிடிஎஃப் செய்யும் மென்பொருள் இதைப் படித்து நடந்துகொள்ளும். காரணம் தெரியாமல் ஓர் எழுத்துரு மட்டும் பொதிய மறுத்தால் இதுவாக இருக்கலாம். கூகிளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வருபவை, இந்தச் சிக்கல் அவற்றில் இல்லை.

இன்னொன்று, தடித்த எழுத்து. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் அந்தப் பொத்தானை அழுத்தினால் வேர்டு போன்ற மென்பொருள்கள் கோட்டைத் தாங்களே பருமனாக்கிவிடும். 'ஞ', 'ண', 'ஜ' போன்றவற்றின் உள்வெளிகள் அடைபட்டு, சிறிய அளவில் கறுப்புத் திட்டாகத் தெரியும். தடித்த வடிவம் தனியாக வரையப்பட்ட எழுத்துருவையே எடுங்கள்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு

2023 ஜனவரியில் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தியது. பழைய மலர்கள், கோயில் ஆண்டறிக்கைகள், கவிதைத் தொகுப்புகள் ஆகியவற்றின் இன்டிசைன் கோப்புகளை இன்று திறந்தால் எழுத்துரு காணவில்லை என்ற எச்சரிக்கை வரக்கூடும். பிடிஎஃபுக்குள் ஏற்கெனவே பொதிந்த டைப் 1 எழுத்துகளுக்கு ஆபத்தில்லை, அவை வழக்கம்போல் தெரியும், அச்சாகும். ஆகவே பழைய வேலைக்குப் பிடிஎஃப் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். மறுபதிப்புக்குத் திருத்தம் வேண்டுமென்றால் உரையை யூனிகோடாக மாற்றி, புதிய எழுத்துருவில் பக்கத்தை மறுபடி அமைப்பதுதான் நீடிக்கும் வழி. வேலை கூடுதல், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

வேறு இரண்டு பெயர்களும் காதில் விழலாம். வோஃப் என்பது இணையதளங்களுக்காகச் சுருக்கிய எழுத்துரு, அச்சுக்குத் தேவையில்லை. வேரியபிள் என்பது 2016இல் வந்த ஓப்பன்டைப் வசதி. மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை எல்லாப் பருமனும் ஒரே கோப்பில் இருக்கும். அச்சகத்தின் மென்பொருள் பழையதாக இருந்தால், அதற்குப் பதிலாகத் தனித்தனிப் பருமன் கோப்புகளையே பயன்படுத்துவது பாதுகாப்பு.

ஐந்து நிமிடச் சோதனை

புதிய எழுத்துருவையோ புதிய மென்பொருளையோ நம்பி முழுப் புத்தகத்தையும் அமைப்பதற்கு முன் ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள்: கொடி, கோடு, கௌதாரி, தூது, முன்னூறு, க்ஷேமம், ஸ்ரீ. பிடிஎஃப் எடுத்து நான்கு மடங்கு பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். 'கௌ' என்பதில் தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள'வும் போட்டிருக்கலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், தேடலில் சொல் கிடைக்காது.

அப்புறம் பிடிஎஃபிலிருந்து அந்த வரியை நகலெடுத்து, வெறும் உரை எழுதும் மென்பொருளில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் வந்தால் எழுத்துரு பழைய குறியாக்கத்தைச் சேர்ந்தது, அதை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துகளே வந்து கொம்புகள் மட்டும் முன்பின்னாக இருந்தால் எழுத்துருவில் குற்றமில்லை. பிடிஎஃப் உருவங்களை அடுக்கிய வரிசையில் வைத்திருப்பதால், நகலெடுக்கும்போது அந்த வரிசையே வெளியே வருகிறது. அச்சுக்கு இது எந்தப் பாதிப்பும் செய்யாது. ஆனால் பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாளில் உரையை முழுமையாக மீட்க முடியாது. அதனால் அச்சு முடிந்ததும் பிடிஎஃபோடு யூனிகோடு உரைக் கோப்பையும் ஒரே கோப்புறையில் போட்டு, பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் அதிலேயே குறித்து வையுங்கள்.